ஆர்ட்டெமிசியாவின் ஓவியமும் அதன் மேல் விழுந்த துணியும்: காசா புவனரோட்டி பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இத்தாலியில் இருக்கும் ஃபுளோரன்ஸுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது உஃபிட்ஸி என்ற பெரிய அருங்காட்சியகத்துக்கு அல்ல. சாந்தா குரோச்சே தேவாலயத்துக்குப் பக்கத்தில், கிபெல்லினா தெருவில் இருக்கும் 70-ஆம் எண் வீட்டுக்கு. காசா புவனரோட்டி என்று பெயர். சிற்பியும் ஓவியருமான மைக்கேலாஞ்சலோவின் குடும்ப வீடு, இன்று அருங்காட்சியகம். அங்கே ஓர் அறையின் கூரையில் மேகத்தின் மேல் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளை வரைந்ததும் ஒரு பெண்தான். ஆனால் அவள் உடம்பில் கிடக்கும் துணியை வரைந்தது வேறொருவர். அந்தத் துணியின் கதையைச் சொன்னதும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. அதையும், அதைச் சுற்றி வாசலிலும் காப்பிக் கடையிலும் வாட்ஸ்அப்பிலும் வந்து விழும் மற்றக் கேள்விகளையும் இங்கே எழுதி வைக்கிறேன். வரிசை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். கேட்கிறவர்களும் வரிசையாகக் கேட்பதில்லை.

யார் இந்த ஆர்ட்டெமிசியா?

முழுப்பெயர் ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி. 1593-இல் ரோமில் பிறந்தவர். அப்பா ஓராட்ஸியோ பெயர் பெற்ற ஓவியர். அம்மா இவருக்கு 12 வயதாக இருக்கும்போது இறந்துவிட்டார். அப்பாவின் பட்டறையில் வண்ணம் அரைத்து, கேன்வாஸ் இழுத்துக் கட்டித் தொழில் பழகினார். தம்பிகளும் அதே பட்டறையில்தான் வளர்ந்தார்கள். கை வந்தது அக்காவுக்கு. 1610-இல் கையொப்பமும் தேதியும் போட்டு ஒரு ஓவியத்தை முடித்தபோது அவருக்குப் பதினேழு வயதுகூட முழுதாகவில்லை என்று சொல்லலாம்.

அதற்குப் பிறகு ஃபுளோரன்ஸ், மறுபடி ரோம், வெனிஸ், நேப்பிள்ஸ், இடையில் லண்டன் அரண்மனை என்று ஊர் ஊராகப் போய்த் தூரிகையாலேயே பிழைத்தார். 1654-க்குப் பிறகு அவரைப் பற்றிய ஆவணம் எதுவும் கிடைக்கவில்லை. வாழ்ந்தபோது நல்ல புகழ். செத்த பிறகு பெயர் மங்கிப்போய், அவருடைய ஓவியங்கள் சில அப்பாவின் கணக்கிலும் சில மற்றவர்கள் கணக்கிலும் போய்ச் சேர்ந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொன்றாக மீட்டு எழுதினார்கள். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

பரோக் என்கிறார்களே, அது என்ன?

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பாணி. வரையறையெல்லாம் வேண்டாம். நாடக மேடையில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு ஓரத்திலிருந்து ஒரே ஒரு விளக்கைப் போட்டால் எப்படி இருக்கும்? கதையின் உச்சத்தில் ஆட்கள் அப்படியே உறைந்து நிற்கிறார்கள். கரவாஜ்ஜோ அதில் பெரிய ஆள். ஆர்ட்டெமிசியாவின் அப்பாவுக்கு அவர் பழக்கமானவர். மகளின் படங்களில் அந்த இருட்டும் வெளிச்சமும் அங்கிருந்து வந்ததுதான்.

அந்த நீதிமன்ற வழக்கைப் பற்றிக் கேள்விப்பட்டோம். உண்மையா?

உண்மை. 1611-இல் அப்பாவோடு சேர்ந்து வேலை செய்த அகோஸ்தீனோ தாஸ்ஸி என்ற ஓவியர் ஆர்ட்டெமிசியாவை வன்புணர்ந்தார். 1612-இல் அப்பா வழக்குப் போட்டார். விசாரணை ஏழு மாதம் இழுத்தது. சொல்வது உண்மைதானா என்று சோதிக்க, விரல்களைக் கயிற்றால் சுற்றி இறுக்கினார்கள், குற்றம் சாட்டப்பட்டவருடைய விரல்களை அல்ல, ஆர்ட்டெமிசியாவுடைய விரல்களை. நாளைக்குத் தூரிகை பிடிக்க வேண்டிய விரல்கள். எதிரில் நின்ற தாஸ்ஸியைப் பார்த்து, நீ எனக்குப் போடும் மோதிரம் இதுதானா, உன் வாக்குறுதி இதுதானா என்று அவர் கேட்டது விசாரணைப் பதிவில் இருக்கிறது. தாஸ்ஸி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ரோமை விட்டு வெளியேற வேண்டும் என்ற தண்டனை காகிதத்தோடு சரி.

பல வழிகாட்டிகள் இந்தக் கதையில் ஆரம்பித்து இதிலேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்குப் பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் அவர் வரைந்திருக்கிறார். ஒவ்வொரு படத்திலும் தாஸ்ஸியையே தேடினால் அந்த மனுஷனுக்கு நாம் கொடுக்கிற மரியாதை அதிகம்.

மைக்கேலாஞ்சலோ வீட்டில் இவருடைய ஓவியம் எப்படி?

வழக்கு முடிந்த கையோடு கல்யாணம். பியெரன்டோனியோ ஸ்தியாத்தேஸி என்ற ஃபுளோரன்ஸ்காரர். தம்பதி ஃபுளோரன்ஸுக்குக் குடிவந்தார்கள். அப்போது அந்த ஊரில் மைக்கேலாஞ்சலோவின் தம்பி பேரன் ஒருவர் இருந்தார். அவர் பெயரும் மைக்கேலாஞ்சலோ புவனரோட்டிதான், கவிஞர். குழப்பம் வராமலிருக்க ‘இளையவர்’ என்று அடைமொழி சேர்ப்பார்கள். பெரிய தாத்தாவின் புகழ் பாட வீட்டுக்குள்ளேயே ஒரு கூடம் கட்டினார். சுவரில் அவருடைய வாழ்க்கைக் காட்சிகள், கூரையில் அவருடைய குணங்களைப் பெண்ணுருவங்களாகக் காட்டும் ஓவியங்கள். ஊரிலிருந்த நல்ல ஓவியர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தார். 1615-இல் ஒன்று ஆர்ட்டெமிசியாவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22, வயிற்றில் பிள்ளை. அந்த வருடம் நவம்பரில் மகன் பிறந்தான்.

இந்த வரிசையில் வரைந்த மற்ற ஓவியர்களுக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கூலி இவருக்கு. ஏன் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். இளையவருக்கு இவர் மீது தனி அன்பு இருந்தது என்பது மட்டும் தெளிவு. அடுத்த வருடம், 1616-இல், ஃபுளோரன்ஸ் ஓவியக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்ட முதல் பெண்ணும் இவர்தான்.

படத்தில் இருப்பவள் யார்? கையில் என்ன வைத்திருக்கிறாள்?

கையில் இருப்பது திசைகாட்டி. தலைக்கு மேல் ஒரு நட்சத்திரம். படத்தின் பெயர் இத்தாலிய மொழியில் ‘இன்க்ளினாட்ஸியோனே’. தமிழில் ‘நாட்டம்’ என்றால் கச்சிதமாக உட்காரும். காந்த ஊசியை எப்படித் திருப்பி வைத்தாலும் அது வடக்கே போய் நிற்கிறதல்லவா, அப்படி ஒரு மனிதருக்குப் பிறவியிலேயே ஒரு பக்கம் சாய்வு இருக்கும் என்பது கருத்து. மைக்கேலாஞ்சலோவுக்குக் கலை மேல் இருந்த நாட்டத்தைத்தான் இளையவர் சொல்ல நினைத்தார். ஆனால் படத்திலிருக்கும் பெண்ணின் முகத்தில் ஆர்ட்டெமிசியாவின் சாயல் இருக்கிறது என்று பலர் சொல்கிறார்கள். இது யாருடைய நாட்டம் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும்.

கலிலியோ அப்போது ஃபுளோரன்ஸில்தான் இருந்தார், ஆர்ட்டெமிசியாவுக்கு அறிமுகம். இருபது வருடம் கழித்து, 1635-இல், அவருக்கு ஆர்ட்டெமிசியா எழுதிய கடிதம் இருக்கிறது. ஃபுளோரன்ஸ் பிரபுவுக்கு வரைந்து கொடுத்த ஓர் ஓவியத்துக்குப் பணம் வராமல் கிடந்தபோது நீங்கள்தானே வாங்கிக் கொடுத்தீர்கள் என்று அதில் நினைவுபடுத்துகிறார். வானத்தை அளந்தவர் பாக்கி வசூலும் செய்திருக்கிறார்.

அந்தத் துணியைப் போர்த்தியது யார்?

ஆர்ட்டெமிசியா வரைந்தபோது அந்தப் பெண்ணுக்கு ஆடை கிடையாது. சுமார் 70 வருடம் கழித்து, 1680-களில், அதே குடும்பத்தில் வந்த லியோனார்டோ புவனரோட்டிக்கு அது உறுத்தியது. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் நடமாடுகிறார்கள் என்று, பால்தஸ்ஸாரே ஃபிரான்செஸ்கீனி என்ற ஓவியரைக் கூப்பிட்டு மறைக்கச் சொன்னார். வொல்த்தெர்ரா ஊர்க்காரர் என்பதால் அவரை வொல்த்தெர்ரானோ என்றுதான் கூப்பிடுவார்கள். மார்பின் மேல் மெல்லிய திரை மாதிரி ஒன்று, தொடை மேல் கனமான துணி மடிப்புகள். சாதாரணக் கை அல்ல, நல்ல ஓவியர். அதனால்தான் சொல்லாவிட்டால் பலருக்கு அது ஒட்டுவேலை என்றே தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. மைக்கேலாஞ்சலோவின் ‘இறுதித் தீர்ப்பு’ ஓவியத்துக்கும் இதே கதி நேர்ந்தது. அவர் 1564-இல் கண் மூடியதும் அடுத்த வருடமே வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் உருவங்களுக்குக் கோவணம் கட்ட ஆள் வைத்தார்கள். அந்த ஆள் தானியேலே. அவரும் வொல்த்தெர்ரா ஊர்தான்! பாவம், ‘கால்சட்டைக்காரர்’ என்று ஊர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டது.

சரி, இப்போது அந்தத் துணியை எடுத்துவிடலாமே?

இதுதான் அந்த ஒரே கேள்வி. எல்லாரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன்.

படம் 2022 இலையுதிர் காலத்தில் கூரையிலிருந்து கீழே இறங்கியது. எலிசபெத் விக்ஸ் என்ற பாதுகாப்பு வல்லுநர் தலைமையில் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வைத்து வேலை நடந்தது. பார்வையாளர்கள் நின்று பார்க்கலாம். தொடக்கத்திலேயே அவர்கள் சொல்லிவிட்டார்கள்: துணியை எடுக்கப் போவதில்லை.

காரணம் எண்ணெய் வண்ணத்தின் குணத்தில் இருக்கிறது. தண்ணீர் வண்ணம் போல அது ஆவியாகி உலர்வதில்லை. ஆளிவிதை போன்ற எண்ணெய், காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஒரு வலையாகப் பின்னி இறுகுகிறது. முதல் சில மாதத்தில் தொட்டால் ஒட்டாது, அவ்வளவுதான். முழுசாக இறுகப் பல பத்தாண்டுகள் ஆகும். வயது ஏற ஏறக் கரைப்பானுக்கு மசியாது. நேற்று ஒருவர் பழைய ஓவியத்தின் மேல் கிறுக்கியிருந்தால் கவலையே இல்லை: புதிய வண்ணம் இளகிக் கரையும், அடியிலிருக்கும் கிழட்டு வண்ணம் அசையாது. அந்த வயது வித்தியாசம்தான் சுத்தம் செய்கிறவரின் பிடிமானம்.

இங்கே என்ன ஆயிற்று? அடியில் இருக்கும் வண்ணத்துக்கு 400 வயது. மேலே இருப்பதற்கு 300-க்கும் மேல். இரண்டும் எண்ணெய், இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்து ஒன்றாகவே கிழடாகிவிட்டன. மேலதைக் கரைக்கும் திரவம் அடியிலிருப்பதையும் தின்றுவிடும். வொல்த்தெர்ரானோ வண்ணத்தைத் தடிமனாக வேறு போட்டிருக்கிறார். கத்தியால் சுரண்டலாமே என்றால், எங்கே ஒருவர் முடிகிறார், எங்கே அடுத்தவர் தொடங்குகிறார் என்று கத்திக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது காரணம் சரித்திரம். அந்தத் துணியும் இந்தப் படத்துக்கு நடந்த ஒன்று. வொல்த்தெர்ரானோவும் மதிக்கத்தக்க ஓவியர்; அவருடைய கையை அழிக்க நமக்கு என்ன உரிமை என்ற கேள்வி வருகிறது. வத்திக்கானில் 1990-களில் ‘இறுதித் தீர்ப்பை’ச் சுத்தம் செய்தபோதும் இதே தர்க்கம்தான். பிற்காலத்தில் சேர்த்த துணிகள் பலவற்றை எடுத்தார்கள், தானியேலே போட்டவற்றை விட்டுவிட்டார்கள்.

முதல் காரணம் எனக்கு உடனே புரிந்தது. இரண்டாவது இன்னும் முழுசாகச் செரிக்கவில்லை. ஒரு பெண் வரைந்ததை வீட்டுக்காரர் பேச்சைக் கேட்டு ஓர் ஆண் மூடினார், அதையும் பாதுகாக்க வேண்டுமா என்று என்னோடு வந்த அக்கா ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: துணி இல்லாமலிருந்தால் நாம் இங்கே பத்து நிமிஷம் நின்று இதைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம்.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மேலே இருந்ததைப் பிரித்தெடுத்தார்களே?

நல்ல கேள்வி, தமிழர்கள் மட்டும்தான் இதைக் கேட்பார்கள். பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றியுள்ள உள்பிராகாரத்தில் நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். பிற்பாடு தொல்லியல் துறை நாயக்கர் அடுக்கைச் சேதமில்லாமல் உரித்து ஃபைபர் கண்ணாடிப் பலகையில் ஏற்றியது. இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன.

அங்கே முடிந்ததற்குக் காரணம் சாந்து. நாயக்கர் கால ஓவியர்கள் சோழர் ஓவியத்தின் மேல் புதிதாகச் சுண்ணச் சாந்து பூசி, அது மேல் வரைந்தார்கள். இரண்டு ஓவியத்துக்கும் நடுவில் அந்தச் சாந்து ஒரு சுவர் மாதிரி நின்றது. பிரிக்க இடம் கிடைத்தது. வொல்த்தெர்ரானோ நேராக ஆர்ட்டெமிசியாவின் வண்ணத்தின் மேலேயே வரைந்துவிட்டார். நடுவில் ஒன்றும் கிடையாது.

அப்படியானால் அடியில் இருப்பதைப் பார்க்கவே முடியாதா?

கண்ணால் முடியாது. கருவிகளால் நிறையவே பார்த்தார்கள்.

முதலில் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பார்கள். வேறொன்றும் வேண்டாம், ஒரு விளக்கு. சாயங்கால வெயிலில் மண் தரையின் மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரிவது போல, வண்ணத்தின் புடைப்பும் கேன்வாஸின் நெளிவும் வெடிப்பும் அப்போது தெரியும். மேலே பூசிய துணி எங்கே தடிமனாக ஏறி நிற்கிறது என்பதற்கு முதல் துப்பு இங்கேயே கிடைத்துவிடும்.

அடுத்து புற ஊதா ஒளி. இருட்டறையில் அதைக் காட்டினால் பழைய வார்னிஷ் பச்சையாக மினுங்கும். பின்னால் யாரோ தொட்டுப் பழுதுபார்த்த இடங்கள் கறுத்துத் தெரியும்.

அகச்சிவப்பு ஒளிக்குச் சில வண்ணங்கள் கண்ணாடி மாதிரி வழிவிடும். அடியில் கரியால் கோடு போட்டிருந்தால் அது தெரியும். ஓவியர் முதலில் கையை எங்கே வைத்தார், பிறகு எங்கே நகர்த்தினார் என்பதெல்லாம் அகப்படும்.

எக்ஸ்ரேதான் எனக்குப் பிடித்தது. அந்தக் காலத்து வெள்ளை என்றால் ஈய வெள்ளை. சதை நிறம் என்பது பெரும்பாலும் ஈய வெள்ளையில் கொஞ்சம் சிவப்பும் மண் நிறமும் கலந்தது. ஈயம் எக்ஸ்ரேயைத் தடுக்கும், நம்முடைய எலும்பு தடுப்பது போல. அதனால் உடம்பு வெள்ளையாகவும் ஈயம் குறைந்த பகுதிகள் கறுப்பாகவும் படத்தில் விழும். துணிக்கு அடியில் சதை எங்கே தொடர்கிறது என்று இப்படித்தான் பிடித்தார்கள்.

இவை எல்லாவற்றையும் அடுக்கி, கணினியில் துணியில்லாத ஓர் உருவத்தை உண்டாக்கினார்கள். 2023 செப்டம்பர் முதல் 2024 ஜனவரி வரை அதே வீட்டில் நடந்த கண்காட்சியில் அதையும் வைத்தார்கள். அது ஓவியம் அல்ல, சாட்சியங்களை வைத்துப் போட்ட ஒரு கணிப்பு. ஆனால் கேன்வாஸை ஒரு சுரண்டல்கூடச் சுரண்டாமல் கிடைத்தது.

எதையும் எடுக்கவில்லை என்றால் பிறகு என்னதான் செய்தார்கள்?

துணியைத்தான் எடுக்கவில்லை. அழுக்கையும் பழுப்பேறிய வார்னிஷையும் பழைய காலத்துப் பழுதுபார்ப்புகளையும் எடுத்தார்கள். வார்னிஷ் பிசின் வகை. எண்ணெய் வண்ணம் அசையாத கரைப்பானிலேயே அது இளகும். அதனால் அதை எடுக்கலாம்.

ஓவியம் சுத்தம் செய்வதை நீங்கள் பார்த்ததில்லையென்றால், சொல்கிறேன். ஒரு மெல்லிய குச்சி. நுனியில் சிட்டிகைப் பஞ்சை வைத்து விரலால் உருட்டுவார்கள். கரைப்பானில் தோய்த்து, அதிகப்படியை ஒற்றி எடுத்துவிட்டு, ஓவியத்தின் மேல் *உருட்டுவார்கள்*, தேய்ப்பதில்லை. தேய்த்தால் அழுக்குத் துகளே உப்புத்தாள் மாதிரி அறுக்கும். இரண்டு உருட்டு உருட்டியதும் பஞ்சின் நிறத்தைப் பார்ப்பார்கள். தேன் நிறத்தில் வந்தால் வார்னிஷ், சாம்பல் என்றால் அழுக்கு. நீலமோ சிவப்போ துளி தெரிந்தால் கை நின்றுவிடும். பஞ்சைக் குப்பியில் போட்டுவிட்டு அடுத்த குச்சி. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு முழு நாள் போகும். கண்ணுக்கு மேல் உருப்பெருக்கி, முதுகு வளைந்தபடி. இதைக் கால் மணி நேரம் பார்த்தால் உங்களுக்கே கழுத்து வலிக்கும்.

எச்சிலால் துடைப்பார்களாமே?

சிரிக்காதீர்கள், உண்மைதான். உலகம் முழுக்க வல்லுநர்கள் மேலோட்டமான அழுக்குக்கு எச்சிலைப் பயன்படுத்துகிறார்கள். அதிலிருக்கும் அமைலேஸ் என்ற நொதி அழுக்கை இளக்கும், வண்ணத்தைக் கடிக்காது. இப்போது அதே மாதிரி ஆய்வகக் கலவைகளும் வந்துவிட்டன. ஆனால் எச்சில் இலவசம், எப்போதும் கையிருப்பு உண்டு.

வண்ணம் உதிர்ந்த இடத்தில் புதிதாக வரைந்துவிடுவார்களா?

இத்தாலியில் இதற்கு ஒரு நாகரிகம் இருக்கிறது. ரோமில் செசாரே பிராந்தி என்பவர் வகுத்த கொள்கை: உதிர்ந்த இடத்தை நிரப்பலாம், ஆனால் ஏமாற்றக் கூடாது. அதனால் நிறத்தை அப்பாமல், மயிரிழை போன்ற செங்குத்துக் கோடுகளைப் பக்கத்துப் பக்கத்தில் இழுத்து நிரப்புவார்கள். பத்தடி தள்ளி நின்றால் படம் முழுசாகத் தெரியும். ஒரு முழத் தூரத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால் கோடுகள் தெரியும். எது பழையது, எது நிரப்பியது என்று காட்டிக்கொடுக்கும். போட்டதை எப்போது வேண்டுமானாலும் கழுவி எடுத்துவிடவும் முடியும்.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் சாந்தா குரோச்சேவுக்குள் போய், சிமாபுவே என்ற ஓவியர் வண்ணம் தீட்டிய சிலுவையைப் பாருங்கள். 1966 நவம்பர் 4-ஆம் தேதி ஆர்னோ ஆறு ஊருக்குள் புகுந்தபோது அதன் வண்ணத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. அந்த வெறுமையை உம்பெர்த்தோ பல்தீனியின் குழு இழைக் கோடுகளின் வலையால் மூடியது. கிறிஸ்துவின் முகத்தில் இல்லாத பகுதியை அவர்கள் கற்பனை செய்யவில்லை. இல்லை என்பதை இல்லை என்றே விட்டிருக்கிறார்கள். காசா புவனரோட்டியிலிருந்து ஐந்து நிமிட நடை.

எல்லா ஓவியத்துக்கும் இதே விதிதானா?

இல்லை, இதற்கு நேரெதிராக ஒன்று சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 4-ஆம் தேதி பெய்ரூட் துறைமுகம் வெடித்ததே, அப்போது அங்கே சுர்சோக் மாளிகைச் சுவரில் ஆர்ட்டெமிசியாவின் பெரிய ஓவியம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மகா பலசாலி ஹெர்குலிஸ், ராணி ஓம்ஃபாலேயிடம் அடிமையாகி நூல் நூற்கும் காட்சி. கிரிகோரி புச்சாக்ஜியான் என்ற லெபனான் ஆய்வாளர் தன் மாணவப் பருவத்திலேயே, 1990-களில், அது ஆர்ட்டெமிசியாவுடையது என்று எழுதியிருந்தார். யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வெடிப்பில் ஜன்னல் கண்ணாடி சில்லு சில்லாகப் பறந்து கேன்வாஸைக் கிழித்தது. ஹெர்குலிஸின் முழங்காலருகே பெரிய கிழிசல். முகத்திலும் சேதம்.

லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உல்ரிக் பிர்க்மையர் என்பவர் தலைமையில் மூன்று வருடம் போல வேலை நடந்தது. கேன்வாஸில் குத்தியிருந்த கண்ணாடித் துகளைப் பொறுக்குவதிலிருந்து ஆரம்பம். ஹெர்குலிஸின் கண்ணும் மூக்கும் போன இடத்தை மறுபடி உருவாக்க, ஃபெடரிகோ காஸ்தெலூச்சியோ என்ற நடிகர் உதவினார். நடிகர் என்றால், அவர் நல்ல ஓவியரும்கூட; பரோக் ஓவியங்களை நன்கு அறிந்தவர். 2025 ஜூனில் படம் கெட்டியில் பார்வைக்கு வந்தது.

இங்கே ஏன் முகத்தை நிரப்பினார்கள், அங்கே ஏன் துணியை விட்டார்கள் என்று கேட்பீர்கள். பெய்ரூட் ஓட்டை துறைமுக வெடிவிபத்தின் வேலை, எந்த ஓவியருடைய கையும் அதில் இல்லை. கதாநாயகனின் மூக்கில் ஓட்டை இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும், படத்தைப் பார்க்க விடாது. அதனால் நிரப்பினார்கள்.

கூரையில் இருக்கும் படத்தை எப்படிப் பார்ப்பது?

கழுத்து வலிக்கத்தான் செய்யும். கண்காட்சி முடிந்ததும் படத்தை அது பிறந்த இடத்துக்கே ஏற்றிவிட்டார்கள். என்னுடைய வழி: கைப்பையில் ஒரு சின்ன முகக் கண்ணாடி. வயிற்றுக்கு நேரே பிடித்துக் குனிந்து பார்த்தால் கூரை உங்கள் கைக்குள் வந்துவிடும். கைப்பேசியின் முன்பக்கக் கேமராவும் உதவும், ஆனால் கண்ணாடியில் தெரிவது இன்னும் தெளிவு. தொடை மேல் கிடக்கும் துணியின் மடிப்புகளையும் மேகத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சொன்ன பிறகு பார்த்தால் இரண்டும் வேறு வேறு கை என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

காசா புவனரோட்டி செவ்வாய் விடுமுறை, உஃபிட்ஸியும் பித்தி மாளிகை அருங்காட்சியகமும் திங்கள் விடுமுறை. ஆகவே புதன் முதல் ஞாயிறு வரை ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். கிளம்புமுன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வது நல்லது. கீழே இறங்குமுன் மைக்கேலாஞ்சலோ பதின்ம வயதில் செதுக்கிய இரண்டு பளிங்குப் புடைப்புச் சிற்பங்களையும் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

காசா புவனரோட்டிக்குத் தாராளமாக. உஃபிட்ஸியில் இருக்கும் ‘யூதித்து’ படத்துக்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். படைத்தலைவன் ஓலோபெர்னின் கழுத்தை இரண்டு பெண்கள் அறுக்கிறார்கள். ஒருத்தி அழுத்திப் பிடிக்க ஒருத்தி அறுக்கிறாள், ரத்தம் பீறிடுகிறது. சுமார் 1620-இல் வரைந்தது. வாளின் மேலேயே தன் பெயரைப் பொறித்திருக்கிறார் ஆர்ட்டெமிசியா. என் நண்பரின் பத்து வயது மகள் அதைக் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, “மாமா, சட்டைக் கையை மடிச்சு விட்டிருக்காங்க, மீன் வெட்டுற மாதிரி” என்றாள். எத்தனையோ தடவை பார்த்த எனக்கு அது தோன்றவில்லை.

ஃபுளோரன்ஸ் வர முடியாதவர்கள் எங்கே பார்க்கலாம்?

லண்டன் நேஷனல் கேலரியில், தன்னையே புனித கத்தரீனாவாக வரைந்த படம் இருக்கிறது. 2018-இல் 36 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். சீர்செய்து முடித்ததும் 2019-இல் அதை ஊர் சுற்ற அனுப்பினார்கள், அருங்காட்சியகங்களுக்கு அல்ல: கிளாஸ்கோவில் பெண்கள் நூலகம், யார்க்‌ஷயரில் ஒரு டாக்டரின் கிளினிக், ஒரு பெண்கள் பள்ளி, ஒரு பெண்கள் சிறைச்சாலை. சளிக்கு மருந்து வாங்க வந்தவர்கள் காத்திருக்கும் நேரத்தில் ஆர்ட்டெமிசியாவைப் பார்த்தார்கள். லண்டன் தமிழர்களுக்கு ஒரு செய்தி: நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்க அங்கே கட்டணம் கிடையாது.

எங்கள் வீட்டில் பாட்டி காலத்துத் தஞ்சாவூர் ஓவியம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு நானே துடைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். சுற்றுலா முடிந்து ரயில் ஏறும்போது யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் போனதில்லை.

தஞ்சாவூர் ஓவியம் எண்ணெய் வண்ணம் அல்ல. பலகை மேல் துணி, துணி மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த பூச்சு, அதன் மேல் கல், தங்க ரேக், பசை சேர்த்த வண்ணம். பசை தண்ணீரில் கரையும். ஈரத் துணி பட்டால் கிருஷ்ணருடைய கன்னம் துணியோடு வந்துவிடும். எச்சிலும் ஈரம்தான், அதுவும் கூடாது. உருளைக்கிழங்கு, பிரெட், தேங்காய் எண்ணெய் என்று யூடியூபில் காட்டுகிற எதுவும் கூடாது.

கண்ணாடிச் சட்டத்தைத் திறக்காதீர்கள். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். திரவத்தை நேராகத் தெளித்தால் ஓரத்தில் இறங்கிவிடும். குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் மாட்டியிருந்தால் இடம் மாற்றுங்கள். ஊதுவத்திப் புகையும் விளக்குக் கரியும் நேராக அடிக்கும் இடமும் வேண்டாம். படத்தின் பின்பக்கம் சுவரோடு ஒட்டாமல் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும், கறையானும் சட்டென்று ஏறாது. தங்க ரேக் ஏற்கெனவே தூக்கிக்கொண்டு நிற்கிறதென்றால், படத்தைக் கழற்றிக் கிடையாக, முகம் மேலே பார்க்க வைத்துவிட்டு, ஊரிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் போய் விசாரியுங்கள். எடுத்துப்போகும்போது ஆட்டோவில் மடியில் நிறுத்தி வைக்காதீர்கள், படுக்கவைத்தே கொண்டுபோங்கள்.